கம்பெனி பஸ்ஸுக்கு நிற்கும் பிள்ளைகளுக்கு

நாகரசம்பட்டியிலிருந்தும் வேலம்பட்டி, அகரம், பாரூர் பக்கத்து ஊர்களிலிருந்தும் போச்சம்பள்ளிக்கும் பர்கூருக்கும் ஓசூருக்கும் ஷிப்ட் வேலைக்குப் போய்வரும் பிள்ளைகளே,

என்னை உங்களில் பலருக்கு முகத்தளவில் தெரியும். விடியற்காலை டீக்கடை பெஞ்சில் குரங்குக் குல்லாவோடு உட்கார்ந்திருக்கும் ஆள். ஓசூரில் ஒரு கம்பெனியின் மெஷின் ஷாப்பில் 1988 முதல் முப்பத்து மூன்று வருஷம் வேலை பார்த்துவிட்டு ஊருக்குத் திரும்பியவன். வேலையை விட்டு வந்தும் உடம்பு இன்னும் பர்ஸ்ட் ஷிப்டிலேயே இருக்கிறது. நாலு மணிக்கு மேல் தூக்கம் பிடிப்பதில்லை. அதனால் நீங்கள் பஸ் ஏறுவதைத் தினமும் பார்க்கிறேன். பெரியப்பா என்று கூப்பிடுகிறவர்கள் உண்டு, தாத்தா என்று கூப்பிடுகிறவர்களும் உண்டு. பெரியப்பாவே போதும்.

போன மாதம் ஒரு நாள் பஸ் தாமதம். உங்களில் ஒரு பெண் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். பெயர் வேண்டாம். வேலையில் சேர்ந்து மூன்று வருஷம் ஆகிறது. லைனில் அவள் கைவேலையை இதுவரை யாரும் குறை சொன்னதில்லை. லைன் லீடர் இடத்துக்கு ஆள் எடுக்கிறோம் என்று கூப்பிட்டிருக்கிறார்கள். முதலில் ஒரு கேள்வித்தாள். கூட்டத்தில் நீங்களே முதலில் பேசுவீர்களா, சின்ன விஷயத்துக்கும் கவலைப்படுவீர்களா, புது இடம் என்றால் பிடிக்குமா என்று ஐம்பது கேள்வி. பிறகு இன்டர்வியூ. "இன்னும் அஞ்சு வருஷத்துல உங்களை எங்க பாக்கறீங்க?" என்று கேட்டிருக்கிறார் அதிகாரி. இந்தக் கேள்வியைத் தமிழில் கேட்டால், கண்ணாடியில்தான் சார் என்று சொல்லத்தான் எனக்குத் தோன்றும். இவள் பாவம், உண்மையைச் சொல்லியிருக்கிறாள்.

"வீட்டுக்குப் பக்கத்துலயே இருக்கணும் சார். அம்மாவுக்கு உடம்பு சரியில்ல. தம்பி காலேஜ் முடிக்கணும். மத்தபடி குடுத்த வேலையைச் சுத்தமா செய்வேன்."

இடம் வேறொருவருக்குப் போய்விட்டது. சூப்பர்வைசர் வருத்தத்தோடுதான் சொன்னாராம்: "உனக்கு ஆம்பிஷன் இல்லைன்னு எழுதியிருக்காங்கம்மா. பர்சனாலிட்டியைக் கொஞ்சம் டெவலப் பண்ணிக்க."

"ஏன் பெரியப்பா, ஆம்பிஷன் இல்லைன்னா அது ஒரு நோவா? நான் நல்லாத்தான இருக்கேன்?" என்று கேட்டாள். அதற்குள் பஸ் வந்துவிட்டது. டிபன் பையைத் தூக்கிக்கொண்டு ஓடிவிட்டாள். பதில் யோசிக்க எனக்கு ஒரு மாதம் பிடித்தது. அவள் ஒருத்திக்கு மட்டும் நடந்ததாகத் தெரியவில்லை. அதனால் உங்கள் எல்லோருக்கும் எழுதுகிறேன்.

என் மகள் உளவியல் படித்தவள். கல்யாணமாகிப் போனபோது புத்தகங்களைப் பரணில் போட்டுவிட்டுப் போனாள். இந்த ஒரு மாதமும் அவற்றை இறக்கித் தூசி தட்டிப் படித்தேன். புரியாததைப் போனில் கேட்டேன். கேள்வித்தாள் எங்கிருந்து வந்தது என்பது முதலில் தெரிந்தது.

1936-ல் ஆல்போர்ட், ஓட்பெர்ட் என்ற இரண்டு அமெரிக்கர்கள் ஒரு பெரிய ஆங்கில அகராதியை எடுத்து வைத்துக்கொண்டு, மனிதனின் குணத்தையோ நடத்தையையோ சொல்லும் வார்த்தைகளை ஒவ்வொன்றாகப் பொறுக்கினார்கள். ஏறக்குறைய பதினெட்டாயிரம் தேறியது. மனிதர்கள் ஒருவரிடம் ஒருவர் கவனிக்கிற முக்கியமான குணம் எதுவானாலும் அதற்கு மொழியில் ஒரு வார்த்தை இருந்தே தீரும் என்பது அவர்கள் நம்பிக்கை. பின்னால் வந்தவர்கள் அந்தப் பட்டியலைச் சுருக்கிச் சுருக்கி, கணக்குப் போட்டுச் சேர்த்து, ஐந்து பெரிய கூடைகளில் போட்டார்கள். புதுசைத் தேடும் மனசு, பொறுப்பு, கலகலப்பு, அனுசரணை, பதற்றம். உங்களிடம் நீட்டப்படும் தாள்களில் பெரும்பாலானவை இந்த ஐந்து கூடைகளைச் சுற்றியே இருக்கும்.

அந்த அமெரிக்கர்கள் நம் டீக்கடையில் ஒரு வாரம் உட்கார்ந்திருந்தால் அகராதியே தேவைப்பட்டிருக்காது. அழுத்தக்காரன், வாயாடி, வெள்ளந்தி, ஊமைக்குசும்பு, சிடுமூஞ்சி, கமுக்கம், சூட்டிகை, தங்கமான புள்ளை, தொட்டாற்சிணுங்கி, எடுத்தேன் கவிழ்த்தேன் என்று பேசுகிறவன். ஒரு சந்தை நாளில் நான் கேட்டு எழுதியதே அறுபதைத் தாண்டியது. ஒன்றைக் கவனியுங்கள். இவற்றில் பெரும்பாலானவை முழுத் திட்டும் இல்லை, முழுப் பாராட்டும் இல்லை. அழுத்தக்காரன் என்றால் பெண் கொடுக்க யோசிப்பார்கள். சீட்டுப் பணத்தை அவனிடம்தான் கொடுத்து வைப்பார்கள். வாயாடி என்று மருமகளைக் குறை சொல்கிற அதே மாமியார் தாலுகா ஆபீசுக்குப் போகும்போது அவளைத்தான் கூட்டிக்கொண்டு போவாள். இடத்தைப் பொறுத்துக் குணத்துக்கு விலை ஏறும், இறங்கும் என்பது ஊருக்குத் தெரிந்திருக்கிறது. கேள்வித்தாளில் அந்த அறிவு இருக்கலாம். அதைத் திருத்துகிறவர் கையில் பல நேரம் இல்லை. கலகலப்பு என்றால் பத்துக்குப் பத்து, அமைதி என்றால் பயிற்சி தேவை என்று எழுதிவிடுகிறார்கள்.

ஓசூரின் பழைய கதை ஒன்றைச் சொல்கிறேன். 1984-ல் டாடா குழுமமும் தமிழக அரசின் டிட்கோவும் சேர்ந்து டைட்டனைத் தொடங்கின. இரண்டு மூன்று வருஷத்தில் ஓசூரில் கைக்கடிகாரம் செய்ய ஆரம்பித்தார்கள். அதற்கு ஆள் எங்கே? பிளஸ் டூ முடித்த கிராமத்துப் பிள்ளைகளைத் தேடி எடுத்துப் பயிற்சி கொடுத்தார்கள். அதுவரை வாட்ச்சைத் திறந்தே பார்த்திராத பிள்ளைகள். அவர்களில் சிலரை எனக்குப் பழக்கம், ஒரே தெருவில் வாடகைக்கு இருந்தோம். பேசவே கூச்சப்படுவார்கள். மணல் பருமன் திருகைச் சாமணத்தால் எடுத்து, மூச்சை அடக்கிக்கொண்டு பூட்டுகிற வேலைக்கு அந்தக் கூச்சம் ஒரு தடையாக இருந்ததாக எனக்குத் தெரியவில்லை. நம் வட்டாரத்தின் பெயரை வெளியே கொண்டுபோன முதல் சரக்குகளில் ஒன்று அந்தக் கைகளில் உருவானது.

இனி அந்த ஆம்பிஷனுக்கு வருவோம். இதற்கு நம் ஊரில் என்ன வார்த்தை? லட்சியம் என்பது பள்ளிக்கூட ஆண்டுவிழாவில் பேசுகிறவர்களின் வார்த்தை. வீட்டில் அதை யாரும் சொல்வதில்லை. "முன்னுக்கு வரணும்" என்பார்கள். அதைவிட அதிகமாக, "நல்லா இருக்கணும்" என்பார்கள். கோயிலில் கற்பூரம் காட்டும்போதும், காலில் விழுகிற பிள்ளையைத் தூக்கும்போதும் அதே சொல்தான். அந்த ஒரு சொல்லுக்குள் சம்பளம், உடம்பு, குடும்பம், தூக்கம், நாலு பேர் மதிப்பு எல்லாம் கட்டுச்சோறு மாதிரி ஒன்றாகக் கட்டியிருக்கிறது. இன்டர்வியூ அறையில் அந்த மூட்டையை அவிழ்த்து, சம்பளத்தையும் பதவியையும் மட்டும் வெளியே எடுத்து வைத்து, இதில் எவ்வளவு வேண்டும் என்று கேட்கிறார்கள். அந்தப் பெண் மூட்டையோடு பதில் சொன்னாள்.

வள்ளுவரும் இதைப் பிரித்துத்தான் வைத்திருக்கிறார். ஊக்கமுடைமை என்று பொருட்பாலில் ஓர் அதிகாரம், அவாவறுத்தல் என்று அறத்துப்பாலில் இன்னோர் அதிகாரம். ஒன்றை வளர்க்கச் சொல்கிறார், மற்றதை அறுக்கச் சொல்கிறார். அவா அறுப்பது துறவிக்குச் சொன்னது, நமக்கு வேண்டாம். சம்பள உயர்வை யாரும் விட்டுக்கொடுக்கத் தேவையில்லை. ஆனால் எடுத்த வேலையை முடிக்காமல் தூங்காத ஊக்கம் ஒன்று, அடுத்தவன் நாற்காலி மேல் இருக்கும் கண் ஒன்று என்று இரண்டு சங்கதி இருப்பது மறந்துபோகக் கூடாது. லைனில் தினமும் ஊக்கத்தை வைத்து வேலை வாங்குகிறார்கள். மேலே ஏற்றுகிற நாளில் மட்டும் அவா இருக்கிறதா என்று பார்க்கிறார்கள்.

சரி, ஆம்பிஷன் இருந்தால் மனுஷன் சந்தோஷமாக இருப்பானா? இதை ஒருவர் மெனக்கெட்டுத் தேடியிருக்கிறார். 1921-ல் லூயிஸ் டெர்மன் என்ற பேராசிரியர் கலிபோர்னியாவில் படு கெட்டிக்காரப் பிள்ளைகளாக ஆயிரத்து ஐந்நூறு பேர் வரை பொறுக்கியெடுத்து, அவர்கள் வளர்வதைக் குறித்துவைக்கத் தொடங்கினார். அவர் செத்த பிறகும் மற்றவர்கள் தொடர்ந்தார்கள். படிப்பு, வேலை, கல்யாணம், நோய், சாவு எல்லாம் பதிவாயின. 2012-ல் திமத்தி ஜட்ஜ், ஜான் கம்மையர்-முல்லர் என்ற இருவர் அதிலிருந்து 717 பேரின் எழுபது வருஷக் கணக்கை எடுத்து, இளமையில் ஆம்பிஷன் அதிகம் இருந்தவர்கள் பின்னால் என்ன ஆனார்கள் என்று பார்த்தார்கள். படிப்பு கூடியிருந்தது. மரியாதையான வேலை கிடைத்திருந்தது. வருமானமும் கூடுதல். வாழ்க்கை திருப்தியாக இருக்கிறதா என்ற இடத்தில் மட்டும் தொடர்பு மெலிந்துபோனது. இருக்கிறது, கொஞ்சம்தான். காரும் வீடும் வந்த அளவுக்கு நிறைவு வரவில்லை.

அதே ஆராய்ச்சியில் எனக்குப் பெரிதாகப் பட்டது வேறு ஒன்று. ஆம்பிஷன் எங்கிருந்து வருகிறது என்றும் பார்த்திருக்கிறார்கள். பொறுப்பும் கலகலப்பும் இருந்தால் கூடும், பதற்றம் இருந்தால் குறையும், புத்திக்கூர்மையும் சேரும். இவற்றோடு இன்னொன்று: அப்பா அம்மா பார்த்த வேலைக்கு ஊரில் என்ன மதிப்பு என்பது. டாக்டர் வீட்டுப் பிள்ளைக்கு மேலே போகும் ஆசை தானாகத் தொற்றிக்கொள்கிறது. அப்படியென்றால் மாங்கூழ் தொழிற்சாலைக்கு சீசன் வேலைக்குப் போகும் அம்மாவுக்கும், தினக்கூலி அப்பாவுக்கும் பிறந்த பிள்ளையிடம் ஆம்பிஷன் குறைவு என்று எழுதுகிறவர் எதை அளந்து எழுதுகிறார்? பாதி அவள் குணம். மீதி அவள் பிறந்த வீடு. வீட்டுக்கும் சேர்த்து அவளுக்கு மார்க் போட்டிருக்கிறார்கள். (டெர்மன் எடுத்ததும் பெரும்பாலும் வசதியான வீட்டு வெள்ளைக்காரப் பிள்ளைகளைத்தான், அவர்கள் கணக்கு நமக்கு அப்படியே பொருந்தும் என்று நானும் சாதிக்கவில்லை.)

புத்தகம் போதும். என் கதையைச் சொல்கிறேன், அதில் மறைக்க ஒன்றுமில்லை.

எனக்கு கிரைண்டிங் மெஷின். ஒரு உருளைத் தண்டைக் கல்லில் கொடுத்து மைக்ரான் கணக்கில் தேய்த்து எடுக்க வேண்டும். தீப்பொறி விழும் சத்தத்திலேயே இன்னும் எவ்வளவு பாக்கி என்று தெரிந்துவிடும். மைக்ரோமீட்டர் வைத்துப் பார்த்தால் காது சொன்னதுதான் இருக்கும். அந்த நிமிஷம் எனக்கு வேறு ஒன்றும் தேவைப்பட்டதில்லை. 1997-ல் என்னை சூப்பர்வைசர் ஆக்கினார்கள். ஊரில் அம்மா தேங்காய் உடைத்தாள். மாமனார் வீட்டில் மரியாதை கூடியது. மாதம் எண்ணூறு ரூபாய் அதிகம், அன்றைக்கு அது சின்னக் காசு இல்லை.

பதினொரு மாதம் தாங்கினேன். ஆளைத் திட்டி வேலை வாங்க வரவில்லை, திட்டாமல் வாங்கவும் வரவில்லை. நாளைக்கு யார் லீவு போடுவான், டார்கெட் எத்தனை குறையும் என்று ராத்திரி முழுக்க மனசு ஓடும். வயிற்றுப் புண் வந்தது. வேறொருவன் என் பழைய மெஷினை ஓட்டுவதைப் பார்த்தால் பொறாமையாக இருக்கும். ஒரு நாள் போய், என்னை மெஷினுக்கே அனுப்பிவிடுங்கள் என்று எழுதிக் கொடுத்தேன். வந்த லட்சுமியை எட்டி உதைத்தவன் என்று ஊரில் பெயர். என் மனைவி இரண்டு நாள் பேசவில்லை. அவள் கோபத்தில் நியாயம் இருந்தது: லிண்டல் மட்டத்தில் நின்ற வீடு, அந்த எண்ணூறு இல்லாததால் இன்னும் இரண்டு வருஷம் அப்படியே நின்றது. மழையில் செங்கல் பாசி பிடித்தது. அந்தப் பக்கம் போனால் நான் தலையைத் திருப்பிக்கொள்வேன். ஆசையைக் குறைத்துக்கொள்வது இலவசம் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். அதற்கும் ஒருவர் காசு கட்டுகிறார். பல நேரம் அது வீட்டில் இருப்பவர்.

ஆனாலும் அன்றைக்கு எடுத்த முடிவுக்காக நான் ஒரு நாளும் வருந்தியதில்லை.

என்னோடு அதே பேட்ச்சில் சேர்ந்த காவேரிப்பட்டணத்துக்காரன் ஒருவன் உண்டு. வாய் ஓயாது. கேன்டீனில் சாம்பார் தண்ணியாக இருந்தால் அதற்கும் ஒரு கூட்டம் சேர்ப்பான். அவனை மெஷினில் நிறுத்தினால் அரை மணிக்கு ஒரு தரம் பக்கத்து மெஷினுக்குப் போய்விடுவான், ஸ்கிராப் அதிகம். அவன் சூப்பர்வைசர் ஆகி, மேனேஜர் வரை போனான். சண்டை, சமாதானம், கணக்கு, கூச்சல் எல்லாம் அவனுக்குச் சாப்பாடு. இன்றைக்கும் போனில் பேசினால் அந்த நாட்களைச் சொல்லிச் சிரிக்கிறான். அவனுக்கு ஆசையும் குணமும் ஒரே பக்கம் இழுத்தன. எனக்கு எதிரெதிர்ப் பக்கம் இழுத்தன. அதனால் உங்களில் மேலே போகத் துடிக்கிறவர்களை நான் தடுக்கவில்லை. இந்த மடலைக் காட்டி, பெரியவரே சொல்லிவிட்டார் சும்மா இரு என்று எந்த வீட்டிலும் ஒரு பெண்ணை உட்கார வைத்தால் எனக்குக் கெட்ட கோபம் வரும்.

மூன்றாவது ஒருவன் உண்டு. அவனைப் பற்றி யாரும் எழுதுவதில்லை. ஊத்தங்கரைப் பக்கத்துப் பையன், பிளஸ் டூ. எங்கள் இரண்டு பேரையும்விடக் கெட்டிக்காரன். மெஷினில் எது கெட்டாலும் மெயின்டனன்ஸ் ஆள் வருவதற்குள் காரணத்தைச் சொல்லிவிடுவான். அவன் கான்ட்ராக்ட். பதினாலு வருஷம் அதே ஷெட்டில் நின்றான். அவன் அடையாள அட்டையில் கான்ட்ராக்டர் பெயர் மட்டும் நாலு தரம் மாறியது. அவனிடம் யாரும் கேள்வித்தாள் நீட்டவில்லை, அஞ்சு வருஷத்தில் எங்கே இருப்பாய் என்று கேட்கவில்லை. ஏனென்றால் அவன் எங்கே இருப்பான் என்று அவர்களுக்கு முன்பே தெரியும். கடைசி வருஷங்களில் அவன் யாரோடும் பேசுவதில்லை. புதிதாக வந்த ஒரு அதிகாரி அவனைப் பார்த்து, இந்த ஆளுக்கு ஆட்டிட்யூட் சரியில்லை என்றார். நான் பக்கத்தில்தான் நின்றேன். வாயைத் திறக்கவில்லை. எனக்கு பர்மனென்ட் வேலை, அது போய்விடுமோ என்ற பயம். அந்த அதிகாரிக்குச் சொல்ல வேண்டியதைத்தான் இருபது வருஷம் கழித்து உங்களிடம் சொல்லிக்கொண்டிருக்கிறேன்.

குணம் வேலையைத் தீர்மானிக்கிறது என்று மட்டும் சொல்லிக்கொடுக்கிறார்கள். வேலை குணத்தைத் தின்பதை யாரும் சொல்வதில்லை. ஜெர்மனியில் 6,769 பேரின் குணத்தை நாலு வருஷ இடைவெளியில் இரண்டு தரம் அளந்து, 2015-ல் ஓர் ஆராய்ச்சி வந்தது. அந்த இடைவெளியில் வேலை இழந்து வெகுநாள் சும்மா இருந்த ஆண்களிடம் அனுசரணையும் பொறுப்பும் தேய்ந்திருந்தன. இனி வேலைக்கு ஆள் எடுக்கிறவர் அவர்களைப் பார்த்தால் என்ன எழுதுவார்? பொறுப்பில்லாதவன், அதனால்தான் வேலையில்லை என்று எழுதுவார். காரணத்தையும் விளைவையும் இடம் மாற்றி வைக்க ஒரு கையெழுத்துப் போதும்.

நல்லதும் நடக்கிறது, அதையும் சொல்லிவிடுகிறேன். இருபதிலிருந்து நாற்பது வயதுக்குள் சராசரி மனிதனுக்குப் பொறுப்பு கூடுகிறது, பதற்றம் குறைகிறது என்று பல நாட்டு ஆராய்ச்சிகளைச் சேர்த்துப் பார்த்தவர்கள் சொல்கிறார்கள். இரட்டைப் பிள்ளைகளை ஆராய்ந்த டேவிட் லிக்கன் என்பவர், சந்தோஷத்தைக் கூட்டப் பார்ப்பது உயரத்தைக் கூட்டப் பார்ப்பது போல வீண் வேலை என்ற பொருளில் 1996-ல் எழுதிவைத்தார். பிறகு அவரே அது தப்பு என்று மாற்றிக்கொண்டார். இருபத்திரண்டு வயதில் ஒரு தாளில் வந்த மார்க்கைக் குலதெய்வம் சொன்ன குறி மாதிரி வைத்துக்கொண்டு அலையாதீர்கள்.

மேலே ஏறுவதைப் பற்றிப் பேசும்போது ஏணி விஷயம் ஒன்று பாக்கி. வருஷா வருஷம் உலக மகிழ்ச்சி அறிக்கை என்று ஒன்று வருகிறது. 2025-ல் 147 நாடுகளில் இந்தியாவுக்கு 118-வது இடம், பின்லாந்துக்கு முதலிடம். பேப்பரில் பார்த்திருப்பீர்கள். அதற்கு அவர்கள் கேட்கிற முக்கியமான கேள்வி ஒன்றுதான்: பூஜ்யம் முதல் பத்து வரை படிகள் உள்ள ஓர் ஏணியை நினைத்துக்கொள்ளுங்கள், மேலே இருப்பது உங்களால் ஆன மிக நல்ல வாழ்க்கை, அடியில் இருப்பது மிக மோசமான வாழ்க்கை, நீங்கள் எந்தப் படியில் நிற்கிறீர்கள்? 2024-ல் சில ஆராய்ச்சியாளர்கள் பிரிட்டனில் இந்தக் கேள்வியையே சோதித்துப் பார்த்தார்கள். ஏணி என்ற வார்த்தை வந்ததுமே ஜனங்களின் நினைப்பு பணத்துக்கும் பதவிக்கும் போய்விடுகிறது. ஏணியை எடுத்துவிட்டுக் கேட்டால் உறவு, உடம்பு, நிம்மதி என்று பேச்சு மாறுகிறது. எனக்கு ஆச்சரியமில்லை. நம் வீடுகளில் ஏணியை எதற்கு எடுக்கிறோம்? பரணில் எட்டாமல் இருப்பதை எடுக்க. வேலை முடிந்ததும் சுவரில் சாய்த்துவிட்டு வந்துவிடுகிறோம். அதன் மேல் யாரும் குடியிருப்பதில்லை.

கேள்வித்தாள் நீட்டுகிறவர்கள் இதைப் படித்தால், அவர்களுக்கும் இரண்டு வார்த்தை. 2021 செப்டம்பரில் போச்சம்பள்ளி ஓலா ஸ்கூட்டர் தொழிற்சாலையைப் பத்தாயிரம் பெண்களே நடத்தப்போகிறார்கள் என்ற அறிவிப்பு வந்தபோது, எங்கள் டீக்கடையில் ஒரு வாரம் அதே பேச்சு. பள்ளிக்கூடத்தோடு நிறுத்தலாம் என்று இருந்த வீடுகளில் பெண்ணைப் பாலிடெக்னிக்கில் போடலாமா என்று என்னிடமே வந்து கேட்டார்கள். ஆசை இல்லாத ஊரில் இந்தக் கேள்வி வராது. வழி தெரிந்தால் ஆசை தானாக வரும். வீட்டுக்குப் பக்கத்தில் இருக்க வேண்டும் என்று ஒரு பெண் சொன்னால், ஐந்து வருஷத்துக்கு வேலையை விட்டுப் போகமாட்டேன் என்று சொல்கிறாள். ஆள் நிற்பதில்லை என்று வருஷம் முழுக்கப் புலம்புகிற நீங்கள் அந்தப் பதிலைக் குறையாக எழுதுகிறீர்கள்.

பிள்ளைகளே, அடுத்த முறை அந்த நாற்காலியில் உட்காரும்போது கேள்வி கேட்கும் உரிமை உங்களுக்கும் உண்டு. பயப்படாமல், மரியாதையாகக் கேளுங்கள். நான் கம்பெனி ரோலா, கான்ட்ராக்டா, அப்ரென்டிஸா? அப்ரென்டிஸ் என்றால் 1961-ம் வருஷச் சட்டப்படி நீங்கள் பயிற்சி பெறுகிறவர், தொழிலாளி கணக்கில் வரமாட்டீர்கள். பயிற்சி முடிந்ததும் வேலை நிச்சயம் என்று வாயால் சொன்னால், எழுத்தில் இருக்கிறதா என்று கேளுங்கள். இந்த லைனிலிருந்து போன மூன்று வருஷத்தில் எத்தனை பேர் மேலே போனார்கள்? லைன் லீடர் ஆனால் நைட் ஷிப்ட் எத்தனை, பஸ் வருமா, சம்பளம் எவ்வளவு கூடும்? பேசும் வேலை அதிகமா, பார்க்கும் வேலை அதிகமா? பதில்களை எழுதி வைத்துக்கொண்டு, இரண்டு ராத்திரி கழித்து உங்களையே கேளுங்கள்: இந்த வேலையில் கஷ்டமான பகுதி எதுவோ, அது எனக்குக் கஷ்டமாக இருக்குமா? காவேரிப்பட்டணத்துக்காரனுக்குச் சண்டை கஷ்டமாக இல்லை. எனக்கு மைக்ரான் கஷ்டமாக இல்லை. யாருக்கு எது என்பதை எந்தத் தாளும் உங்களைவிட முன்னால் கண்டுபிடிக்காது.

அந்தப் பெண்ணிடம் போன வாரம் இதையெல்லாம் பாதி சொன்னேன். மீதிக்குள் பஸ் வந்துவிட்டது. வேறு ஒரு பிரிவில் குவாலிட்டி செக்கிங்கில் இடம் காலியாகிறதாம். லைன் லீடர் சம்பளம் இல்லை, ஆனால் இப்போது வாங்குவதைவிடக் கூடுதல். எழுதிப் போடப்போகிறேன் என்றாள். "அஞ்சு வருஷத்துக் கேள்வி வந்தா என்ன சொல்லுவ?" என்று கேட்டேன். "அதேதான் பெரியப்பா" என்றாள்.

ஞாயிற்றுக்கிழமை போச்சம்பள்ளிச் சந்தைக்கு நான் வருவேன். பத்து மணி வரை ஆட்டுச் சந்தைப் பக்கம் இருப்பேன். உங்களில் யாருக்காவது அந்த மாதிரி கேள்வித்தாளோ, வேலை உத்தரவோ, கையெழுத்துப் போடச் சொல்லிக் கொடுத்த காகிதமோ வந்திருந்தால் ஒரு நகல் எடுத்துக்கொண்டு வாருங்கள். கையெழுத்துப் போடுவதற்கு முன்னால் வாருங்கள். கண்ணாடி கொண்டுவருகிறேன், சேர்ந்து படிப்போம்.

இப்படிக்கு,
டீக்கடை பெஞ்சுப் பெரியப்பா,
நாகரசம்பட்டி